நான்காம் விடை

கங்வொன் மலையில் ஒரு விடுதி.
வாசலில் 'பழுதுபார்ப்பு நடக்கிறது' என்று துணி கட்டியிருந்தார்கள்.
முப்பத்தொன்பது நாள்
அந்தப் பழுதுக்குள் இருந்தோம்.

கைப்பேசியை உறையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.
ஜன்னல் கொக்கிகளுக்கு முத்திரை வைத்தார்கள்.
மிச்சச் சோற்றையும் கிம்ச்சிச் சாற்றையும்
கையுறை போட்டுக் கிளறுவார் காவலர் ஓ சொக்-வு.
மீன்முள்ளுக்கும் முட்டைக்கோசுக்கும் நடுவே
ஒரு கேள்வி தப்பிப் போய்விடக் கூடாதாம்.

என் வேலை இலக்கியம்.
சரியாகச் சொன்னால்,
தவறான விடைகள்.

சரியான விடையை யாரும் எழுதிவிடலாம்.
மற்ற நான்கைத்தான் பெற்று வளர்க்க வேண்டும்.
ஒன்று, கவிதையைப் படிக்காதவனைப் பிடிக்க.
ஒன்று, அவசரக்காரனை.
ஒன்று,
மழை என்றால் துயரம்
ஜன்னல் என்றால் ஏக்கம்
விளக்கு என்றால் விடிவு
குடை என்றால் அடைக்கலம் என்று
இரவு பதினொரு மணிவரை உருப்போட்டு வந்த பிள்ளையை.
(அந்த அட்டவணையை அடித்துக் கொடுத்தவளும் நான்தான்,
எட்டு வருஷம் முன்பு,
சியோலில் ஒரு நான்காம் மாடியில்,
மணிக்கு இவ்வளவு என்று.)
கடைசி ஒன்று
நன்றாகப் படித்தவனைப் பிடிக்க.

பதினேழாம் கேள்வி. மூன்று மதிப்பெண்.
பதினொரு வரிக் கவிதை:
மழையில் ஒருவன்
குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வீட்டுக்கு நடக்கிறான்.
ஏன்?

நான்காம் விடையாக எழுதினேன்:
'அவன் குடையை விரிக்காததற்குக் காரணம் வெட்கம்.'
எழுதிவிட்டுக் கொஞ்சநேரம் பேனாவை மூடவில்லை.
நூற்பாலையில் பெயர்ப்பட்டியல் ஒட்டிய அன்று
அப்பா அப்படித்தான் வந்தார்.
அம்மா துண்டை நீட்டினாள்.
குடை காய்ந்திருந்ததை
நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

சரிபார்ப்புக் குழுவில் பியோன் தே-ஹூன் சொன்னார்:
"நாலு ரொம்பச் சரியா இருக்கு.
கொஞ்சம் தப்பாக்குங்க.
வழக்குப் போட்டுடுவாங்க."

ஒரு சொல் சேர்த்தேன்.
'காரணம் வெட்கம் மட்டுமே.'
தப்பாகிவிட்டது.
அதற்குமேல் அதில் வேலையில்லை.

ஐந்தாம் விடைதான் சரி:
'பொருளொன்று பயன்பாட்டிலிருந்து விலக்கப்படுவதன் வாயிலாக
பேசுபொருளின் அகமுரண் உணர்த்தப்படுகிறது.'
இதை எதிர்த்து எந்தப் பெற்றோரும்
கோர்ட்டுக்குப் போக முடியாது.

நூற்றுக்கு முப்பத்தொரு பேர் தேறுவார்கள் என்று கணக்கு வந்தது.
நல்ல கேள்வி என்றார்கள்.
அன்றிரவு பன்றிக்கறி வறுத்தார்கள்.

வியாழக்கிழமை.
கேட்டல் தேர்வு முடியும்வரை
நாட்டின் விமானங்களெல்லாம் இறங்காமல்
மேலேயே சுற்றிக்கொண்டிருந்தனவாம்.
எங்களுக்குத் திரை போட்டிருந்தது.
கடைசி மணி அடித்த பிறகு
உறைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எல்லோரும் சியோல் வண்டியில் ஏற
நான் சுன்சொன் பஸ் பிடித்தேன்.
ஹொங்சொன்னில் இரண்டு பெண்கள் ஏறி
என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.
நுழைவுச் சீட்டின் முதுகில்
பொடிப்பொடியாக எண்கள்.

"பதினேழு?"
"அஞ்சு."
"நான் நாலு."
"ஐயோ, 'மட்டுமே'ன்னு இருந்துதே, பாக்கலையா?"
"பாத்தேன்."
"அப்புறம்?"
"சில நாள் அது மட்டும்தான் இருக்கும்."

தோழி சிரித்தாள்.
அப்புறம் விரல்விட்டுக் கழித்தாள்:
மூணு போச்சு, எண்பத்தாறு,
இரண்டாம் தரம் மூணாம் தரமாகும்,
நீ கேட்ட காலேஜ் கிடைக்காது, பக்கத்து ஊர்தான்.
அந்தப் பெண் சரி சரி என்று தலையாட்டி
பிளாஸ்கைத் திறந்தாள். கஞ்சி மிச்சமிருந்தது.

வாய் திறப்பதில்லை என்று
மூன்று படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
கைப்பேசி மடியில் கிடந்தது,
முப்பத்தொன்பது நாள் சேதிகளோடு, அணைந்தபடி.

பஸ் சுரங்கத்துக்குள் நுழைந்தது.
ஜன்னலில்
அவர்கள் இருவரும் தெரிந்தார்கள்,
பின்னால் என் முகம்,
அதன்மேல் ஒவ்வொன்றாக
விளக்குகள் ஓடின.