கண்ணி அளவு

காலாப்பட்டில் எங்கள் அறைக்கு ஒரே ஜன்னல்.
பாதியில் கடல், மீதியில் ஏசியின் முதுகு.

கேள்வி அஞ்சாப்புலியுடையது:
ராத்திரியில் வருகிற கப்பலின் ரேடாருக்கு
என் ஃபைபர் போட்டு தெரியுமா, தெரியாதா?

ஜெர்மேன் படகைத் தேய்த்துத் தேய்த்து
ஒரு நீள்கோளம் ஆக்கினாள்.
அணியம் போயிற்று, அமரம் போயிற்று,
முட்டை மாதிரிக் கிடந்தது.
அப்படிக் கிடந்தால்தான் தாளுக்குள் வருமாம்.
மூன்று வாரம், நீல மை,
கடைசியில் ஒற்றை வரி, முடிவில்லாத் தொடர்.
"இதில் தோராயமே இல்லை" என்றாள்.
உண்மைதான். படகும் இல்லை.

நான் வலை விரித்தேன்.
அணியத்தின் வளைவு, எஞ்சின், ஐஸ் பெட்டி,
பெயின்டில் எழுதிய மகள் பெயர் தவிர அத்தனையும்
நாற்பத்தொரு லட்சம் முக்கோணங்களில்.
அஞ்சாப்புலி திரைக்குக் குனிந்து கேட்டார்:
"கண்ணி என்ன அளவு?"
மூணு மில்லிமீட்டர்.
"குஞ்சக்கூட விடாதே! இதுக்குத்தானே
எங்களப் புடிக்கிறாங்க."

மூன்றாம் நாள் கரண்ட் போனது.
யு.பி.எஸ். கத்தி ஓய்ந்தது.
ஜெர்மேன் ஜன்னலோரம் நகர்ந்து
எழுதிக்கொண்டே இருந்தாள்.
எரிச்சலில் கேட்டேன்:
முடிவில்லாத் தொடரை எங்கே முடித்தாய்?
பேனா நின்றது.
"தொள்ளாயிரத்து இருபதாம் உறுப்பில்."
ஆக, அவளும் வெட்டியிருக்கிறாள்.
எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

கரண்ட் வந்ததும்
அவள் முட்டையை என் வலைக்குள் போட்டேன்.
நான்காம் தசமம்வரை இரண்டும் ஒட்டின.
அன்றைக்குத்தான் என் நிரலை நானே நம்பினேன்.
அதுவரை திரையில் இருந்தது
வெறும் சிவப்பு, வெறும் மஞ்சள்.

படகை ஓட்டினேன். ஃபைபரின் ஊடே
அலை பாட்டுக்குப் போய்விடுகிறது.
எஞ்சின் இருக்குமிடத்தில் மட்டும் ஒரு மினுக்கம்.
அஞ்சாப்புலி வெகுநேரம் பார்த்துவிட்டு,
"இதுல நான் எங்க?" என்றார்.

இருவருமே ஆளை ஏற்ற மறந்திருந்தோம்.

ஜெர்மேன் தாளைத் திருப்பினாள்.
உப்புநீர் நிறைந்த உருளை, உயரம் ஐந்தரை அடி.
அரைப் பக்கத்தில் விடை.
"எழுந்து நின்னா கொஞ்சம் தெரிவீங்க."
"விடிய விடியவா? படுத்துத் தூங்கினா?"

உருளையைக் கிடத்தினாள்.
பக்கப் பலகை குறுக்கே வந்தது,
கீழே கடல் வந்தது, அதுவும் அசைகிற கடல்.
தாள் போதவில்லை. பேனாவை மூடி
என் பக்கம் பார்த்தாள்.
ஒரு தோளை முக்கோணங்களாய்ப் பிரிக்க உட்கார்ந்தேன்.

இடது பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பாராம்.
குறித்துக்கொண்டேன்.