வௌவால் நாற்காலி

நாலறையிலிருந்து ஈரறைக்கு,
ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸுக்கு.
குணாளன் அளவு நாடாவை
இடுப்பில் செருகிக்கொண்டே திரிகிறார்.
நாற்பத்தேழு சதுர மீட்டர்
என்று தூக்கத்திலும் சொல்கிறார்.

ஒவ்வொரு பொருளிடமும் ஒரே கேள்வி:
நீ என்ன வேலை செய்கிறாய்?
அரிசிக் குக்கர் உடனே பதில் சொல்லிவிட்டது.
நீல பிளாஸ்டிக் முக்காலி
நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தது:
பல்பு மாற்ற என்மேல்தான் ஏறினீர்கள்,
மீன் கழுவ என்மேல்தான் உட்கார்ந்தீர்கள்,
ஐந்தாவதாய் ஒரு விருந்தாளி வந்தால்
என்னைத்தான் இழுத்துப் போட்டீர்கள்...
போதும் போதும், நீ வரலாம்.

ஸ்டோர் ரூமில்
டப்பாக்களைத் தொலைத்த மூடிகள் இருபத்து மூன்று.
எந்தச் சாதனத்துக்கென்று தெரியாத கம்பிகள்
ஒரு பை நிறைய,
ஒன்றையொன்று கல்யாணம் செய்துகொண்டு.
இருக்கட்டும், ஒருநாள் தேவைப்படும்
என்றார் நாடாக்காரர்.
நான் எதுவும் பேசவில்லை.

கடைசியில் நாற்காலி.

சுங்கை ரோட்டில், மழை விட்ட ஒரு பின்னேரம்,
என் முதல் போனஸில் எண்பது வெள்ளி.
பேருந்தில் ஓர் இடம் காலியாக இருந்தது;
நாற்காலி உட்கார்ந்து வந்தது,
நான் நின்று வந்தேன்.
முதுகுப் பலகையில் செதுக்கியிருப்பது பட்டாம்பூச்சி என்று
ஆறு வருடம் நம்பினேன்.
எதிர்வீட்டுத் திருமதி கோதான் சொன்னார்:
வௌவால் அது, வீட்டுக்கு அதிர்ஷ்டம்.
அந்த அதிர்ஷ்டத்தின் இறக்கை நுனி
சாய்பவர் முதுகெலும்பில் சரியாகக் குத்தும்.
இருபத்தேழு ஆண்டுகளில்
யாரும் அதில் தேநீர் முடித்ததில்லை.
நல்லவர்கள், காரணம் சொல்லாமல்
சோபாவுக்கு மாறிக்கொண்டார்கள்.

படம் எடுத்து வெச்சுக்கோம்மா, பொருளைக் குடுத்துடு,
மெல்பர்னிலிருந்து மகள்.
மூன்று படம் எடுத்தேன்.
மூன்றிலும் அது
விற்பனைக்கு வந்த ஏதோ ஒரு நாற்காலி.

நீ என்ன வேலை செய்கிறாய்?
அது வாயே திறக்கவில்லை.
பதில் எனக்குத் தெரியும்,
சதுர மீட்டரில் சொல்லத்தான் தெரியவில்லை.

இரவே கீழ்த்தளத்தில் கொண்டுபோய் வைத்தோம்.
நகர மன்றத்தில் சொல்லியாயிற்று,
ஏழு மணிக்கு வந்து எடுத்துவிடுவார்கள்.
ஆறரைக்கு நான் மின்தூக்கியில்.
பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.
வீட்டில் பால் இருந்தது.

புளோக் பெருக்கும் மொனிருல்
அதில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.
என்னைக் கண்டதும் எழுந்து
தோள் துண்டால் இருக்கையைத் துடைத்தார்.
உட்காருங்கள் என்றேன்.
வேண்டாம் அக்கா, என்று முதுகைத் தேய்த்துச் சிரித்தார்.
தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:
உட்கார நல்லால்ல. பாக்க நல்லாருக்கு.
பிறகு நான் கேட்காமலே
ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

குணாளன் கதவைத் திறந்தார்.
பாலில்லாமல் வந்த என்னைப் பார்த்தார்,
நாற்காலியைப் பார்த்தார்,
இடுப்பிலிருந்து நாடாவை உருவினார்.
ஐம்பத்தைந்துக்கு நாற்பத்தெட்டு, என்றார்,
வேறொன்றும் சொல்லவில்லை.
கம்பிப் பை அன்றைக்கே கீழே போனது.
மூடிகளும்.

இப்போது ஈரறை வீட்டில்
ஷெல்டர் கதவுக்கும் சன்னலுக்கும் நடுவே
அதற்கு ஓர் இடம்.
வேலையும் போட்டுக் கொடுத்துவிட்டார்:
ஒருமுறை உடுத்தியவை,
துவைக்கவும் வேண்டாதவை, அலமாரிக்குள்ளும் போகாதவை,
அந்தச் சட்டைகளைச் சுமக்க வேண்டும்.
சுமக்கிறது.
குறை சொல்ல முடியாது.

சில இரவுகளில்
அவர் குறட்டை தொடங்கிய பிறகு
சட்டைகளை எடுத்து
நீல முக்காலிமேல் வைக்கிறேன்.
எதிர்ப் புளோக்கின் தாழ்வார வெளிச்சம்
சன்னல் வழியே வந்து
வௌவாலின் ஒரு சிறகில் மட்டும் விழுகிறது.
கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.
பிறகு ஒவ்வொன்றாய்த் திரும்பப் போடுகிறேன்,
அவர் போட்டிருந்த அதே வரிசையில்.