பின்காற்று

சைக்கிள் இப்போது நிலவறையில்
தலைகீழாக நிற்கிறது.
சங்கிலியில் இன்னும் உப்பு.
துடைக்க வேண்டும். துடைக்கவில்லை.

ஸ்டெயின்ஷெரிலிருந்து பூடோ வரை
அறுநூற்று நாற்பது கிலோமீட்டர்,
ஆறு படகுத்துறைகள், பதினேழு நாள்.
வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை
யாருடையதோ ஒரு கீழ்த்தாடைப் பல்செட்
மெழுகில் எனக்காகக் காத்திருந்தது.
தனியாகப் போய் என்ன கற்றுக்கொண்டாய் என்றான்
பக்கத்து மேஜை யோஸ்டெய்ன்.
தொடையிடுக்கில் களிம்பு பூச, என்றேன்.
சிரித்தான். பொய்யில்லை அது.

நான்காம் நாளே நாலு கிலோவைத்
தபாலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்:
இரண்டாவது ஜீன்ஸ், தடித்த நாவல்,
பயத்துக்குத் துணையாக எடுத்துப்போனவை எல்லாம்.
மளிகைக்கடையின் தபால் மூலையில்
எடை போட்ட பெண் எண்ணைப் பார்த்தாள்,
பிறகு என்னைப் பார்த்தாள்.

குகைப்பாதை வாயிலில் ஒரு பொத்தான் இருக்கும்.
அழுத்தினால் மஞ்சள் விளக்கு மின்னும்,
உள்ளே ஒரு சைக்கிள், மெதுவாக வா என்று.
முதல் குகையில் அழுத்தவில்லை. கூச்சம்.
எனக்காக எதற்கு லாரிகள் வேகம் குறைக்க வேண்டும்?
மீன் லாரி ஒன்று
இருட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு
முழங்கைக்கு அருகில் போனது.
அதன்பின் எல்லாக் குகையிலும் அழுத்தினேன்,
சில இடங்களில் இரண்டு முறை.

ஆர்க்டிக் வட்டத்தைப் படகில் கடந்தேன்.
ஒலிபெருக்கியில் சொன்னார்களாம்.
நான் கழிவறையில், கை உலர்த்தும் இயந்திரத்தடியில்
காலுறையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
வருத்தமில்லை.
உலர்ந்த காலுறை.

சாலையோரப் பெட்டியில் முட்டை, பக்கத்தில் உண்டியல்,
காவலுக்கு யாருமில்லை. என்னிடம் சில்லறையுமில்லை.
நாற்பது குரோனர் கடன் என்று
பெயரும் எண்ணும் எழுதி வைத்தேன்.
இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது:
"கோழிகளிடம் சொல்லிவிட்டேன்."

பதினொன்றாம் நாள்.
என் கால்களைப் பற்றிக் கர்வம் வந்திருந்தது,
ஐம்பத்து மூன்று வயதில் இப்படியா என்று.
ஒரு மேட்டில் எதிரே வந்தான் ஹால்வார்,
தெற்கே போகிறவன்,
உதடு வெடித்து,
இறக்கத்திலும் மிதித்துக்கொண்டு.
நின்றோம்.
"அங்கேயும் இப்படித்தான் அடிக்கிறதா?"
எது, என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
என் பையின் அவிழ்ந்த வாரைக் காட்டினான்.
அது முன்னோக்கிப் பறந்துகொண்டிருந்தது.

தென்றல் என்று சொல்லிவிட முடியாது அதை.
தெற்கிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.
பதினோரு நாளாக முதுகில் கைவைத்துத் தள்ளிய ஒன்றுக்குத்
தொடை என்று பெயர் வைத்திருந்தேன்.
பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டான்.
அது எதையும் சமன் செய்யவில்லை.

மறுநாள் காற்று திரும்பியது.
மணிக்கு ஏழு கிலோமீட்டர்.
கடலைத் திட்டினேன், சாலைத்துறையைத் திட்டினேன்,
வேலியோரச் செம்மறிகளையும் விடவில்லை.
நடுவில், எதற்கென்று தெரியாமல்,
குட்வெய்க் நினைவுக்கு வந்தாள்.

என் தங்கை.
நான் பல் கட்டப் படிக்கப் போன வருடங்களில்
அப்பாவின் மருந்து, அப்பாவின் படுக்கை விரிப்பு,
அப்பாவின் கோபம், எல்லாம் அவளுக்கு.
விடுமுறைக்கு வந்து அவளிடமே சொல்வேன்,
மனம் வைத்தால் யாரும் போகலாம் என்று.
எவ்வளவு லேசாக வந்தது அந்த வாக்கியம்.
அப்போதும் ஒரு வார் முன்னோக்கிப் பறந்திருக்கும்.
அவள் பார்த்திருப்பாள்.

நேற்று அவளை அழைத்தேன்.
படகுகளைச் சொன்னேன், முட்டையைச் சொன்னேன்.
சொல்ல வந்ததன் வாயில்வரை போய் நின்றேன்.
இங்கே பொத்தான் எங்கே இருக்கிறது?

"வழியெல்லாம் எதிர்க்காற்றா?" என்றாள்.
"இல்லை. பெரும்பாலும் பின்னாலிருந்துதான்."

அந்தப் பக்கம்
பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.
குழாயை மூடினாள் போல.
"சரி," என்றாள், "மேலே சொல்."