மாடல் நம்பர்

கமிட்டி நோட்டு, பக்கம் முப்பத்தொன்று:
கைப்பிடி வயர்லெஸ் மைக் ஒன்று வாங்குவது.
ஏற்கெனவே இருப்பதைப் போலவே.
மாடல் பார்த்துச் சொல்வது, சகோதரி ரெக்சலின்.

இருப்பது எது?
காணிக்கைப் பைகளுக்குக் கீழ்த்தட்டில்
துவாலையில் சுற்றி மூன்று கிடந்தன.
ஒன்றின் வலைத்தலை நசுங்கியிருந்தது,
கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜா கீழே போட்டது.
ஒன்றுக்கு வாலில் கட்டைவிரல் நீளம் ஆண்டெனா.
திருகிக் கழற்றினால் உள்ளே ஸ்டிக்கர் இருக்கும் என்றார்கள்.
இருந்தது.
பேட்டரி கசிந்து பச்சைப்பொடி பூத்து
நம்பரைத் தின்றிருந்தது.
மிச்சம் ஒரு எட்டு,
இல்லையென்றால் மூன்று.

மார்த்தாண்டத்துக் கடைக்காரர்
போட்டோவை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார்.
கம்பெனிப் பேரில் ஒரு எழுத்து கூடுதல்.
"டூப்ளிகேட்டுக்கு எந்த ஊர்ல மாடல் நம்பர் உண்டு?"
ஏழு வருஷமாய் அதில்தான்
ஞானஸ்நானப் பேர்களை வாசிக்கிறோம்.

மூன்றாவது பேசாது.
விளக்கு எரியும், சத்தம் வராது.
'சவம்' என்று பேர் வைத்தது டென்னிசன் அண்ணன்.
அதன் ஸ்டிக்கர் மட்டும் பளிச்சென்று இருந்தது,
எங்கள் ரிசீவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு நம்பரோடு.

எங்கள் ஆலயம் கேரளத்தில், ஆராதனை தமிழில்.
ரோட்டுக்கு எதிரே கல்யாண மண்டபம் தமிழ்நாட்டில்,
அன்றைக்குக் கல்யாணம் மலையாளத்தில்.
ஞாயிறு, பத்தே முக்கால், மௌன ஜெபம்.
ஆளில்லாத இரண்டாம் சேனலை
சும்மா கூட்டி வைத்திருந்தேன், இரைச்சல் உண்டா என்று பார்க்க.

"அடுத்ததாயிட்டு ஃபோட்டோய்க்கு வரேண்டது
செறுக்கன்றெ அம்மாவன்!"

நான்கு ஸ்பீக்கரிலும்.
ஐயர் கண்ணைத் திறந்தார்.
முன்வரிசையில் ஒரு பையன்
உண்மையாகவே எழுந்து நின்றான்.

சத்தத்தை இறக்கிவிட்டு ரோட்டைக் கடந்தேன்.
மிக்ஸர் பக்கம் சஜீந்திரன், பாயசக் கிளாசோடு.
"எங்கட மைக் தீர்ந்நு போயி சேச்சீ,
பெட்டியில ஒரு சத்தது கிடந்நு, வெறுதே ஓண் செய்ததா."
அந்தச் செத்ததை வாங்கி வாலைத் திருப்பினேன்.
ஊதா நகப்பூச்சில் ஒரு இரண்டு.
என் கையெழுத்து. என் நகப்பூச்சு.

ஜெர்வின் ரிசப்ஷனுக்கு இரவல் கொடுத்தது, மூணு வருஷம் முன்னே.
திரும்பி வந்தது அவருடையது.
உருவம் ஒன்று, அலைவரிசை வேறு.
அவரவர் பெட்டியில் அவரவர் சவம்.

"சத்ய கழியட்டே, தராம்" என்றார்.
பந்தி முடியும்வரை என்றால்
இரண்டரை மணியாவது ஆகும்.
சரி என்றேன். வேறு என்ன சொல்ல?
மூடியைக் கழற்றி
நம்பரை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்:
எட்டுதான்.

திரும்பி வந்தபோது பிரசங்கம் தொடங்கியிருந்தது.
இரண்டாம் சேனல் ஸ்பீக்கரில் பூஜ்யம்,
என் ஹெட்போனில் மட்டும் கொஞ்சம்.
பெண்ணின் அம்மாவைக் காணோம் என்று
மேடைக்கு மூன்று தடவை கூப்பிட்டார்கள்.
ஐயர் பத்துக் கன்னிகைகளில் இருந்தார்,
விளக்கு அணையப் போகிற இடத்தில்.
நான்காவது தடவை
மைக்குக்கு எட்டத்திலிருந்து ஒரு குரல்,
பெரிய விஷயமில்லை,
செருப்பைக் காணவில்லை என்றது.

டென்னிசன் அண்ணன் ஜன்னல் வழியாகச் சைகை கேட்டார்:
மாடல் கிடைத்ததா?
உள்ளங்கையைக் காட்டினேன்.
வேர்வையில் அது
மறுபடியும் மூன்றாகியிருந்தது.