கடைசிப் பக்கம் இல்லாத பத்திரிகை

முதலில் நான் அவளைப் பார்க்கவில்லை,
கேட்டேன்.
"அய்யோ, அதைக் குடிக்காதீங்க!"
முஹர்ரக்கில் நாங்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்த
கட்டடத்துக்கு எதிர்வீட்டு மொட்டைமாடியில்
ஈரத்துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு தமிழ்.

தொட்டியில் சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்ததை
ஏதோ கம்பெனி பெயர் என்று நினைத்திருந்தோம்.
பதினோரு நாள் குடித்திருந்தோம்.
செவத்தியான் அதற்குள் ஆஸ்பத்திரியில்.

ராவியத்து. கீழக்கரைக்காரி.
ஏழு வயதில் ஓதக் கற்றதால் எழுத்துத் தெரியும்,
பொருள் தெரியாது.
பொருளை இங்கே வந்துதான் பிடித்தாள்,
மர்யம் டீச்சர் வீட்டுப் பிள்ளைகளின்
இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து,
மீன் கழுவிய கையைத் துடைத்துத் துடைத்து.

லைசென்ஸ் டீச்சர் பெயரில்.
பொறுப்பாசிரியர் டீச்சர்.
ஒவ்வொரு வரியும் ராவியத்து.
விசாவில் சமையல்காரி,
கடைசிவரை சமையல்காரி.

எட்டுப் பக்கம்.
இடமிருந்து புரட்டினால் நாங்கள்,
வலமிருந்து புரட்டினால் அவர்கள்.
இரண்டு முதல் பக்கம் இருந்தது,
கடைசிப் பக்கம் என்று ஒன்று இல்லை.
கேம்ப் கட்டிலில் நான் ஒரு பக்கமாக வர
டீக்கடை அபூ காலித் மறுபக்கமாக வருவார்.
நடுவில் முட்டிக்கொள்வோம்.
அந்த நடுப்பக்கத்தில்தான் அவள்
சம்பளம் வராதவர்களைப் போட்டாள்:
பெயர், கம்பெனி, எத்தனை மாதம்.

தப்பும் வரும்.
"பழைய ஏசி வாங்கப்படும்" என்பது
"பழைய ஆசி வாங்கப்படும்" என்று வந்துவிட்டது ஒரு வாரம்.
மெக்கானிக் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் அவனே சிரித்துவிட்டான்,
அதைப் பார்த்து ஆறு பேர் போன் செய்தார்களாம்.

அரபியில் ழ இல்லை.
அவள் ஊர்ப் பழைய கிதாபுகளில் இருந்தது,
அரபு எழுத்தில் எழுதிய தமிழில்,
அடியில் ஒரு புள்ளியோடு.
அச்சகத்து எகிப்துக்காரர்
அப்படி ஒரு எழுத்தே உலகத்தில் இல்லை என்றார்.
சரி என்றாள்.
அறுநூறு பிரதியையும் சமையலறைத் தரையில் பரப்பி
ஊதாப் பேனாவால் அவளே வைத்தாள்:
பழனிக்கு ஒன்று,
யாழினியின் அப்பாவுக்கு ஒன்று,
குழந்தைசாமிக்கு ஒன்று.

குழந்தைசாமி நான்தான்.

மேனேஜர் பத்திரிகையை மேசையில் போட்டு
என் பெயர்மேல் விரல் வைத்தான்.
"இது நீயா? இதென்ன, மைக்கறை?"
எனக்கு அவ்வளவு அரபி வராது.
வந்திருந்தால் சொல்லியிருப்பேன்,
கறை இல்லை சார்,
அது என் அம்மா என்னைக் கூப்பிடும்போது
நாக்கு மடங்கும் இடம்.

நாலு மாதச் சம்பளத்தில் மூன்று வந்தது.

டீச்சர் இறந்த மாதம் லைசென்ஸும் போயிற்று,
விசாவும் போயிற்று.
பிள்ளைகள் வளர்ந்து லண்டனில்.
வீட்டைப் பூட்ட ஆள் வந்தது.

ஏர்போர்ட்டில் பெட்டி ஒன்பது கிலோ அதிகம்.
நின்று யோசிக்கவில்லை.
சோப்புகளை எடுத்தாள், கோடாலித் தைலத்தை எடுத்தாள்,
பேத்திக்கு வாங்கிய பொம்மையைக்கூட
எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.
பழைய இதழ்க் கட்டைத் தொடவே இல்லை.
மிஞ்சியதையெல்லாம் என் கையில் திணித்து
"பங்கு போட்டுக்குங்க" என்றாள்.
போய்விட்டாள்.

டாங் பவுடரை ரூமில் எல்லோருமாகக் கரைத்துக் குடித்தோம்.
டப்பா என்னிடம்.
ஆணி போட்டு வைத்திருக்கிறேன்.