காரணக் குறியீடு

வர்க்கீஸ் செத்துப் பதினோராம் நாள்
நாங்கள் மூன்று பேர்
கோபாலபுரம் சாவடி தாண்டி
கேரளப் பக்கக் கடையில் பரோட்டா தின்றோம்.
பதினொன்று என்பது தற்செயல்.
இதைச் சிவதாசன் இரண்டு தரம் சொன்னான்.

தூக்கத்தில் நின்ற நெஞ்சு.
உடல் திருச்சூர் மருத்துவக் கல்லூரிக்கு.
படிவத்தில் மதம் என்ற கட்டத்தில்
எப்போதோ அவனே கோடு இழுத்திருந்தான்,
ஸ்கேல் வைத்து.
குழி இல்லை, சாம்பல் இல்லை,
போய் நிற்க ஓர் இடமில்லை.
இருந்தது நசீமாவின் பையில் ஒரு ஹார்டு டிஸ்க்:
ஆறு வருடக் குரல், கடிதங்கள், மளிகைக் கணக்கு,
விடிகாலைக் கனவுகள்,
கோபம் வந்த நாட்களின் ரத்த அழுத்தம்.
மனசை நகலெடுக்கும் காலம் வரும்,
அதுவரை ஈரம் படாமல் பாருங்கள் என்று
சிலிக்கா பொட்டலத்தோடு கொடுத்திருந்தான்.
சோலார் பம்பு விற்றவன்.
தவணை முடியாத பம்புகள்
கொழிஞ்சாம்பாறையில் இன்னும் இறைத்துக்கொண்டிருக்கின்றன.

எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அவனிடமே கேட்டேன்,
நகல் எழுந்து உட்கார்ந்து கள்ளு கேட்டால்
அது நீயா என்று.
கள்ளு கேட்டால் நான்தான் என்றான்.

மாதம் ஒருமுறை கூடுவோம்.
அமாவாசை என்று சொல்லமாட்டோம்,
நிலா இல்லாத சனிக்கிழமை.
இருபத்தைந்து லட்சம் வருடம் நடந்து வந்த ஒரு மங்கலை
யாராவது வெறுங்கண்ணால் பிடிக்கும்வரை
ஒருவரும் பேசுவதில்லை.
யார் வைத்த சட்டமோ தெரியாது.
அதற்குப் பெயரிடலாம் என்றேன் ஒருநாள்.
பெயர் வந்தால் அடுத்த வாரம் உண்டியல் வரும்
என்றான் வர்க்கீஸ்.

இன்று ஆடி மேகம். மேலே ஒன்றுமில்லை.
கணவாய் வழியே காற்று
லாரித் தார்ப்பாய்களை அறைந்துகொண்டிருந்தது.
சாவடியில் மாடுகளின் காதுத் தோட்டைப் பார்த்துக்
கையெழுத்திடும் நசீமா
பரோட்டா எண்ணெயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:
கையை எங்க வைக்கறதுன்னு தெரியல.

அதுதான் விஷயம்.
அவள் கை விரிந்து மேல்நோக்கும்,
சிவதாசன் கை குவியும்,
என் கை தானாக நெற்றிக்குப் போகும்,
அங்கே ஒன்றும் பூசாமல் பதினேழு வருடம் ஆகியும்.
மூன்று பேரும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டோம்.
நசீமாவுக்குப் பாக்கெட் இல்லை.

என் பொறுப்பில் இருப்பது நாற்பத்தோராம் காற்றாலை.
சாவடிக்கு இந்தப் பக்கம், தென்னைகளுக்கு நடுவே.
ஆடியில் அதை நிறுத்துவது
பால் கறக்கும்போது மாட்டை ஓட்டிவிடுவது மாதிரி.
நிறுத்தினேன்.
இறக்கைகள் காற்றுக்கு விளிம்பைத் திருப்பின.
ஒரு சுற்று. அரைச் சுற்று.
யார் முதலில் வைத்தது என்று நினைவில்லை,
ஆறு உள்ளங்கைகள் கோபுர இரும்பின்மேல் இருந்தன.
உள்ளே ஓடிய அதிர்வு
மெல்ல மெல்ல எங்கள் நாடித்துடிப்பு மட்டுமாக ஆனது.
சுற்றிலும் மற்ற காற்றாலைகள்
சிவப்பு விளக்கோடு சுற்றிக்கொண்டே இருந்தன,
எங்களைச் சட்டை செய்யாமல்.
அது எனக்குப் பிடித்திருந்தது.

நான்கு நிமிடம்.
பிறகு திரை கேட்டது, காரணம் என்ன?
எண்ணெய், கேபிள், பிரேக், இடி, பறவை.
குறியீடு போடாமல் மறுபடி ஓடாது.
பத்து வருடத்துக்கு அழிக்கமாட்டார்கள் அந்தப் பதிவை.
சிவதாசன் பறவை என்று போடச் சொன்னான்.
போடவில்லை.
பிற என்பதைத் தொட்டு
கீழே இருந்த கட்டத்தில் அடித்தேன்:
வர்க்கீஸ். பழுது இல்லை.

திங்களன்று கோயம்புத்தூரிலிருந்து போன்.
யாரு இந்த வர்க்கீஸ், பாஸ் வாங்கி உள்ள வந்தாரா?
இன்னும் வரலைங்க சார் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் தெரியவில்லை.
ஐம்பது யூனிட் நஷ்டம் என்று
அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.