பதில் இல்லை

லானெல்லியில் மழை பக்கவாட்டில்தான் பெய்யும்.
சுகாதார மையத்தின் மாடியறையில்
ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு
நாற்பத்தொரு பெயர்களோடு உட்கார்ந்திருக்கிறேன்.
எல்லோருக்கும் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தது.
எல்லோருக்கும் பிள்ளை பிறந்ததும் போய்விட்டது.
அப்படித்தான் சொல்கிறார்கள்,
செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போன
ஒரு விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல.

எதிரே அச்சடித்த தாள்:
பத்து வாரம், செவ்வாய் காலை பத்து மணி,
நீரிழிவு திரும்பி வராதிருக்க ஒரு வகுப்பு.
நான் வாசித்து முடிப்பதற்குள்
மறுமுனையில் ஒரு குழந்தை எதையாவது கொட்டிவிடும்.

நெரிஸ் முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்:
"பன்னிரண்டு வாரம் என் விரலை நானே குத்தினேன்,
நாளைக்கு நாலு தடவை.
என்ன எண் வந்தது, என்ன எண் வந்தது என்று
விடாமல் ஃபோன் செய்தீர்கள்.
அவன் பிறந்த அன்று மாலை
டோஸ்ட்டும் ஜாமும் கொண்டுவந்து வைத்தார்கள்.
அதற்குப் பிறகு அவன் எடையைக் கேட்டார்கள்,
பால் குடிக்கிறானா என்று கேட்டார்கள்.
என் எண்ணை யாருமே கேட்கவில்லை.
அவனுக்கு இப்போது மூன்று வயது.
இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்?"

இதற்குத் தாளில் வரி இல்லை.

கேரிஸுக்குக் கோழித் தொழிற்சாலையில் இரவு வேலை.
செவ்வாய் காலை பத்து அவளுக்கு நடுநிசி.

யுஸ்தினாவுக்குக் கடிதம் போயிருக்கிறது,
ஒரு பக்கம் வெல்ஷ், மறுபக்கம் ஆங்கிலம்.
அவள் போலந்துக்காரி.
மருத்துவமனைக் கட்டணம் கேட்கிறார்கள் என்று நினைத்து
மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாளாம்.

ஒருத்தி, பெயர் வேண்டாம்,
எடை பார்ப்பீர்களா என்றாள்.
திரைக்குப் பின்னால்தான் என்றேன்.
"அந்தத் திரை துணியா, சுவரா?"
துணி என்றேன்.
ஃபோன் வைக்கப்பட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை.

எலெரி உடனே சரி என்றாள்.
அம்மாவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே எதுவுமில்லை,
அதனால் வருகிறேன் என்றாள்.
பட்டியலில் அடுத்த பெயர் அவள் தங்கை.
அம்மாவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே எதுவுமில்லை,
அதனால்தான் வரமாட்டேன் என்றாள்.

இன்னொருத்தி கேட்டது ஒன்றே ஒன்று:
பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா?
உண்டு. ஒன்றரை மணி நேரம்.
"எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள்
என்ன பாடம் நடத்தினாலும் எனக்குச் சம்மதம்."

முப்பத்து மூன்றாவது பெயர் மேரெட் பெவன்.

கைதான் எண்ணை அழுத்தியது.
கதவுக் கொக்கியில் தொங்கிய என் கோட்டுக்குள்
ஏதோ அதிர்ந்தது, நின்றது.
பிறகு ஹெட்செட்டில் என் குரல்:
இப்போது பேச முடியவில்லை, தகவல் வையுங்கள்.
பின்னணியில் ஒரு சிசு அழுகிறது.
இரண்டு வருடத்துக்கு முன் பதிந்த குரல்,
வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு
யாரிடமோ ஓடுகிறது.
அவளுக்கு நான் தகவல் எதுவும் வைக்கவில்லை.

தாளில் மூன்று கட்டங்கள்.
வருகிறார். மறுத்தார். பதில் இல்லை.
மூன்றாவதில் குறியிட்டேன். பொய்யில்லை.
எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில்
பீட்சாக் கடை விளம்பரத்துக்கு அடியில்
அதே கடிதம், உறை கிழிக்காமல், இருக்கிறது.
உள்ளே என்னவென்று எனக்கு மனப்பாடம்.
அச்சடிக்கக் கொடுத்ததே நான்தான்.

மீதி எட்டுப் பெயர்கள் இருந்தன.
தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு
நெரிஸை மறுபடி கூப்பிட்டேன்.
வகுப்பு விஷயமில்லை என்றேன்.
உங்கள் எண் என்ன, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்,
தூங்குகிறீர்களா என்று கேட்டேன்.
எனக்கும் வந்தது என்றேன்,
இந்த அறையில் யாரிடமும் சொல்லாததை.

கொஞ்ச நேரம் மழைதான் கேட்டது,
அவள் பக்கத்து மழையா, என் பக்கத்து மழையா தெரியவில்லை.
"இருங்கள்," என்றாள்,
"அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன்."